சிறுவயல் சின்ன மருது

மதுரைச் சீமையின் மேற்கோரத்தில், ஏலமலைச் சரிவு வந்து சமவெளியைத் தொடுகின்ற இடத்தில் அமைந்திருக்கிறது போடிநாயக்கனூர். முந்தலைத் தாண்டிப் போடிமெட்டுக்கு ஏறும் பாதையில், ஏலத் தோட்டத்து வேலைக்காக விடியுமுன்னே ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போகும் ஜனங்களை இன்றும் காணலாம். இவ்வூரை ஏலக்காய்ச் சந்தையாக மட்டுமே அறிந்தவர்கள், இது திண்டுக்கல் சீமையின் பழைய பாளையங்களில் ஒன்று என்பதை மறந்துவிடுகிறார்கள். பாளையம் என்பது வெறும் நிலவருவாய்க் கணக்கன்று. ஊர்க்காவலுக்கு நிற்கவும், ஓலை வந்தால் படைக்குச் செல்லவும் ஆயுதப் பயிற்சி பெற்ற ஆண்மக்கள் எக்காலத்தும் ஆயத்தமாயிருந்த ஊருக்கே பாளையம் என்று பெயர்.

அந்த ஆயுதப் பயிற்சியை இன்று நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் நகரங்களில் பிலிப்பைன் தீவுகளின் இரட்டைக் கோல் வித்தையையும், கையும் காலும் கொண்டு பொருகிற கிக்பாக்சிங் என்னும் பந்தயத்தையும் ஒரே கூடத்தில் சேர்த்துக் கற்பிக்கும் பயிற்சிச் சாலைகள் தோன்றியிருக்கின்றன. வாலிபர்கள் ஆர்வத்தோடு சேர்கிறார்கள். இதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அன்னியர் கற்றுத் தருவதைக் கற்றுக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை. அந்தத் தீவினரோ 1521-ம் வருஷத்தில் மக்டான் கடற்கரையில் மெகல்லனைக் கொன்று வீழ்த்தியவர்களின் சந்ததியார். ஸ்பெயின் தேசத்தார் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்ட பின்னும் தங்கள் கோல் வித்தையை அவர்கள் விட்டுவிடவில்லை. 2009-ம் வருஷத்தில் சட்டசபையில் மசோதா நிறைவேற்றி, ஆர்னிஸ் என்னும் அவ்வித்தையைத் தங்கள் தேசிய விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டார்கள். முதலில் ஆயுதம், பிறகு வெறுங்கை என்பது அவர்கள் பாடமுறை. கோல் சுழலும் அதே வழியில் கையும் சுழலும் என்பது அதன் தத்துவம். காலடி வரிசையில் தொடங்கிச் சிலம்பத்தையும், அதனோடு கையும் காலும் ஆயுதமான குத்துவரிசையையும் பயின்ற நம் நாட்டாருக்கு இது புதிய சங்கதியன்று.

ஆயினும், பிலிப்பைன் கோலின் பெயரைச் சொல்லத் தெரிந்த நம் வாலிபரிடம் வளரி என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலோர் விழிக்கிறார்கள். அதனால்தான், அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட ஒருவருடைய ஜீவிய சரித்திரத்தை, அவர் கையிலிருந்த ஆயுதத்தை முன்னிட்டுச் சொல்ல விரும்புகிறோம். சின்ன மருது சேர்வைக்காரரின் வீரத்தைப் பற்றி மேடைகளில் கேளாதார் இல்லை. அவர் ஓர் ஆயுத ஆசிரியரும் ஆவார் என்பதும், அவரிடம் பாடம் கேட்ட மாணாக்கருள் ஒருவன் யார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வளரி பிறைச்சந்திரன் போல் வளைந்த எறிபடை. மரத்தாலும், இரும்பாலும், அரிதாக யானைத் தந்தத்தாலும் செய்வார்கள். ஒரு முனை கனத்தும் மறுமுனை இலேசாகவும் இருக்கும். இலேசான முனையைப் பற்றித் தோளுக்கு மேல் பலமுறை சுழற்றி, வேகம் ஏறியவுடன் இலக்கை நோக்கி விடவேண்டும். ஓடும் மானின் காலை முறிக்கவும், துரத்தி வரும் குதிரையை வீழ்த்தவும் வல்லது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் வளைதடியோடு இதை ஒப்பிடுவது வழக்கம். ஆனால் எறிந்தவன் கைக்குத் திரும்பி வருவது இதன் இயல்பன்று. போய்த் தாக்குவதே இதன் வேலை. தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகளும், புதுக்கோட்டையிலிருந்து வந்த மர வளரிகளும் சென்னை மியூசியத்தில் சேர்க்கப்பட்டன. கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கும் பொருளைப் பார்த்து அதன் வேகத்தை ஊகிப்பது கஷ்டந்தான்.

சின்ன மருது 1753-ம் வருஷத்தில், நரிக்குடியை அடுத்த முக்குளத்தில் பிறந்தார். தந்தையார் மொக்கை பழனியப்பன் சேர்வை. தமையனார் பெரிய மருது ஐந்து வயது மூத்தவர். சகோதரர் இருவரும் ராஜ குடும்பத்தில் தோன்றியவர்கள் அல்லர். சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் சேவகத்துக்கு வந்து, தேகவலிமையாலும் ஆயுதத் திறமையாலும் அவருடைய நம்பிக்கைக்குப் பாத்திரரானார்கள். குலப்பெருமையும் செல்வமுமே மனிதனை உயர்த்திய அந்நாளில், சிலம்பக் கூடத்துத் திறமை ஒன்றைக் கொண்டு ஒரு சீமையின் நிர்வாகம் வரைக்கும் உயர்ந்தது சாமானிய காரியமன்று.

1772-ம் வருஷம் ஜூன் 25-ந் தேதி சிவகங்கைக்கு இடி விழுந்தது. ஆர்க்காட்டு நவாப் முகம்மதலியின் கப்பப் பாக்கியைச் சாக்காக வைத்து, ஜோசப் ஸ்மித்தும் பான்ஜோரும் இரு புறத்திலிருந்தும் காளையார்கோவிலை வளைத்தார்கள். முத்துவடுகநாதர் போரில் மாண்டார். ராணி வேலுநாச்சியாரும், அவர் குழந்தையும், பிரதானி தாண்டவராய பிள்ளையும், மருது சகோதரர்களும் வடமேற்கே தப்பிச் சென்றார்கள்.

அவர்களுக்குப் புகலிடம் தந்தது மேற்கு மலையடிவாரம். போடியின் தலைக்கு மேல் ஏலமலையும் பழனி மலையும் சந்திக்கின்றன. அந்தப் பழனி மலைத் தொடர் கிழக்கே ஓடி முடியும் பக்கத்தில் விருப்பாட்சி என்னும் பாளையம் இருந்தது. போடியைப் போலவே அதுவும் திண்டுக்கல் சீமையைச் சேர்ந்தது. அப்பொழுது அச்சீமை ஹைதரலியின் ஆட்சியில் இருந்தது. விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் நாடிழந்தவர்களுக்கு இடங்கொடுத்தார். எட்டு வருஷம் அவர்கள் அங்கே கழித்தார்கள். பிரதானி தாண்டவராய பிள்ளை ஹைதரிடம் படை உதவி கேட்டு எழுதினார். ஆனால் சிவகங்கை மீட்கப்படுவதைக் காணாமலே காலஞ்சென்றார். பாரம் முழுவதும் மருது சகோதரர் தோளில் விழுந்தது. சமவெளியிலிருந்து வந்த மறக்குடி வாலிபர்களும் மலையடிவாரத்துப் பாளைய வீரர்களும் ஒருவர் வழக்கத்தை ஒருவர் அறிந்த காலம் அது. பிற்காலத்தில் 1801-ம் வருஷக் கிளர்ச்சியின்போது சிவகங்கையும் திண்டுக்கல்லும் ஒரே கட்சியாக நின்றதற்கு வித்து இந்த எட்டு வருஷங்களில் ஊன்றப்பட்டதென்றே நாம் கருதுகிறோம்.

1780-ல் ஹைதரின் படையுதவியோடு சிவகங்கை மீண்டது. வேலுநாச்சியார் அரியணை ஏறினார். நிர்வாகம் சின்ன மருதுவின் கையிலும், படை பெரிய மருதுவின் கையிலும் வந்தன. பெரிய மருதுவுக்குக் காகிதத்திலும் கணக்கிலும் நாட்டமில்லை. வேட்டையே அவருக்கு உயிர். ஆர்க்காட்டு வெள்ளி ரூபாயை விரலால் வளைத்துவிடுவார் என்று வெள்ளைக்காரரே வியந்து எழுதியிருக்கிறார்கள். புலி வேட்டைக்கு வரும் துரைமார், புலி பாய்கிற நேரத்தில் பெரிய மருது முன்னே நிற்பதை நம்பியே காட்டுக்குள் கால் வைப்பார்களாம்.

தம்பியார் வேறு விதமானவர். சிறுவயலில் அவர் இருந்த மாளிகைக்குக் காவற்காரனே கிடையாது. எந்த வேளையிலும் எவரும் உள்ளே போகலாம், தம் குறையைச் சொல்லலாம், திரும்பலாம். கறுத்த, பருத்த மேனி, இனிய சுபாவம். வாய் திறந்து உத்தரவிட வேண்டிய அவசியமின்றித் தலையசைப்பே சட்டமாக இருந்த சீமை அது. இவ்வளவையும் எழுதி வைத்தவர் சிவகங்கைப் புலவர் எவருமல்லர். அவரைத் தூக்கிலேற்றிய சேனையில் பணிபுரிந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேய அதிகாரி. வெள்ளைக்கார அதிகாரிகளின் நினைவுக் குறிப்புகளை நம்புவதற்கு நாம் பொதுவாகத் தயங்குவோம். ஆனால் பகைவன் எழுதிய புகழுரையில் கலப்படத்துக்கு இடம் குறைவு.

வெல்ஷ் 1795-ம் வருஷத்தில் மதுரைப் பக்கத்துக் கம்பெனிப் படையில் இருபது வயது வாலிபன். சின்ன மருதுவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. உயர்ந்த அரிசியும் பழங்களும் அவனுக்கு அனுப்பி வைப்பார். ஈட்டி எறிவதையும் வளரி வீசுவதையும் அவனுக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் அவரே. கை தேர்ந்தவன் விட்டால் நூறு கெஜ தூரத்துக்குள் எந்த இலக்கையும் தவறாமல் தாக்கும் ஆயுதம் அது என்று அந்த மாணாக்கன் பிற்காலத்தில் சாட்சி கூறினான். நூறு கெஜம் என்பது தொண்ணூறு மீட்டருக்குச் சற்று மேல். அக்காலத்துக் கம்பெனித் துப்பாக்கியும் அவ்வளவு தூரத்துக்கு அப்பால் குறி பார்த்துச் சுட உதவாது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

பகைவனாகப் போகிறவனுக்கு வித்தையைக் கற்றுக்கொடுத்தது பேதைமை என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். நாம் அவ்வாறு நினைக்கவில்லை. வளரியைக் கற்றுக்கொண்ட வெல்ஷால் கம்பெனிச் சேனைக்கு ஓர் அணுவளவும் லாபம் உண்டாகவில்லை. காடும், காட்டின் ஒவ்வொரு தடமும், சிறுவயது முதல் சுழற்றிப் பழகிய தோளும் சேர்ந்ததே அந்த ஆயுதம். தடி அதில் ஒரு பங்குதான். சிறுவயல் மாளிகையில் காவற்காரன் இல்லாததும், அன்னிய வாலிபனுக்கு ஆயுதம் கற்பித்ததும் ஒரே குணத்தின் இரண்டு வெளிப்பாடுகள். அந்தக் குணத்தை நாம் குற்றம் என்று சொல்ல மாட்டோம். சிவகங்கை வீழ்ந்ததற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

1799-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1801 பிப்ரவரி 2-ந் தேதி ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி, இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில தினங்களில் மண்ணால் எழுப்பிவிட்டார். மே மாதம் 24-ந் தேதி கோட்டை மறுபடியும் விழுந்தது. காயம்பட்ட ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்கு வந்து சேர்ந்தார். அவரைப் பிடித்துக் கொடுத்திருந்தால் மருது சகோதரர் தம் பதவியோடும் செல்வத்தோடும் சுகமாக இருந்திருக்கலாம். சின்ன மருது மறுத்துவிட்டார். வீடிழந்து மலையடிவாரத்தில் எட்டு வருஷம் பிறர் நிழலில் இருந்தவருக்கு, வாசலில் வந்து நிற்பவனைத் தள்ளுவது எப்படி முடியும்?

ஜூன் மாதம் 16-ந் தேதி அவர் பேரால் ஒரு பிரகடனம் திருச்சிக் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் ஒட்டப்பட்டிருக்கக் கண்டார்கள். ஜம்புத்தீவிலுள்ள சகல ஜாதியாரையும், முஸ்லிம்களையும் சேர்த்து விளித்த பத்திரம் அது. நவாப் அறிவின்றி இடங்கொடுத்ததால் ஐரோப்பியர் வஞ்சகமாக நாட்டைக் கவர்ந்துகொண்டனர் என்றும், ஜனங்கள் கஞ்சிக்கும் வழியின்றித் தவிக்கின்றனர் என்றும் அதில் கண்டிருந்தது. நமக்கு விசேஷமாகத் தோன்றுவது அதில் இன்னொரு பகுதி. கம்பெனியாரிடம் சம்பளம் வாங்கும் சிப்பாய், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் ஆகியோரையும் ஆயுதம் பயின்ற மற்ற யாவரையும் அது கூவி அழைத்தது. வெள்ளையர் கண்ட இடத்தில் தங்கள் வீரத்தைக் காட்டச் சொன்னது. ஆயுதப் பயிற்சி யாருக்காக என்ற கேள்வியைக் கூலிச் சிப்பாயின் முகத்துக்கு நேரே கேட்ட பத்திரம் என்று அதைச் சொல்லலாம்.

அக்நியூ தலைமையில் கம்பெனிச் சேனை புறப்பட்டது. அதில் வெல்ஷும் இருந்தார். ஜூலை இறுதியில் சேனை சிறுவயலை அணுகியபோது ஊர் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. பகைவனுக்குப் பயன்படக் கூடாதென்று மருது தரப்பினரே வைத்த தீ அது. காவற்காரனில்லாத அந்த வாசல் வழியே அரிசியும் பழமும் பெற்றுப் போன வாலிபன், சாம்பலாகும் ஊரை எந்த மனநிலையில் பார்த்தானோ!

பிறகு காளையார்கோவில் காட்டு யுத்தம். சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்கு மரங்களை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டு போவதென்று அக்நியூ துணிந்தார். ஒரு மாத காலம் வெட்டினார்கள். ஈட்டியும் வளரியும் துப்பாக்கியும் ஏந்தியவர்கள் மரத்துக்கு மரம் மறைந்து நின்று தாக்கினார்கள். பகலில் வெட்டிய பாதையை இரவில் காத்து நிற்பதே பெரும்பாடாயிற்று. பீரங்கிகளும் பயிற்சி பெற்ற பட்டாளங்களும் வைத்திருந்த கம்பெனியார், செப்டம்பர் துவக்கத்தில் அந்த முயற்சியையே கைவிட்டுப் பின்வாங்கினார்கள். ஆயுதத்தின் பெருமையைப் பற்றி இதற்கு மேல் நாம் விவரிக்க வேண்டியதில்லை.

காடு வெல்ல முடியாததைச் சூழ்ச்சி வென்றது. படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கையின் உரிமையாளர் என்று செப்டம்பர் 12-ந் தேதி சோழபுரத்தில் பட்டங்கட்டினார்கள். ராஜ விசுவாசமா, சேர்வைக்காரர் விசுவாசமா என்று ஜனங்கள் இரண்டுபட்டனர். புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரத்தாரும் முன்னமே கம்பெனிக்கு ஆளும் பொருளும் கொடுத்து உதவினவர்கள். கோபால நாயக்கர் திண்டுக்கல் பக்கத்தில் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அக்டோபர் முதல் தேதி மூன்று பக்கத்திலிருந்தும் சேனைகள் நுழைந்து காளையார்கோவிலைப் பிடித்தன. மருது சகோதரர் கட்டுவித்த கோபுரம் அங்கே நிற்க, அவர்கள் காட்டுக்குள் தப்பி ஓட வேண்டியதாயிற்று. சின்ன மருதுவைக் காட்டு மிருகத்தைப் போல் வேட்டையாட நேர்ந்ததை வெல்ஷ் வருந்தி எழுதினார். தொடை எலும்பு முறிந்த நிலையில் அவர் அகப்பட்டார். 1801 அக்டோபர் 24-ந் தேதி சகோதரர் இருவரும், குடும்பத்தார் பலரும் திருப்பத்தூர்க் கோட்டையில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுடைய தலைகள் காளையார்கோவில் கோபுரத்துக்கு எதிரே அடக்கம் செய்யப்பட்டன என்பது அச்சீமையில் வழிவழியாக வழங்கும் செய்தி.

தூக்குமரத்தோடு கம்பெனியார் நிற்கவில்லை. டிசம்பர் முதல் தேதி கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் ஒன்று வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும். ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும். ஒளித்து வைப்போர் கடுந்தண்டனை அடைவர். பாளையக்காரரின் காவல் அதிகாரமும் பறிபோயிற்று. பணிந்து போன பாளையங்கள் ஜமீன்களாயின. போடிநாயக்கனூரும் அப்படியே ஜமீனாகி, 1948-ம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரையில் அந்தப் பெயரோடு இருந்தது. பழைய பாளைய வீரனுடைய பேரனுக்கு ஆயுதம் பழகுவதற்கு இனி முகாந்தரமே இல்லை. சிலம்பம் திருவிழா வேடிக்கையாயிற்று. வளரியோ கலியாணச் சடங்காயிற்று. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்களிடையே மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் வளரியை மாற்றிக்கொள்வது விவாக வழக்கமாக இருந்ததை மதுரை ஜில்லாவைப் பற்றி எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். எறியப் பயன்படாத ஆயுதம் சீதனத் தட்டில் ஏறி உயிர் பிழைத்தது.

ஆயுதத்தைப் பறித்தவர்கள், அதைப் பிடித்திருந்த கையையும் சும்மா விடவில்லை. நூறு வருஷத்துக்குப் பிறகு, உசிலம்பட்டி முதல் கம்பம் பள்ளத்தாக்கு வரையில் வாழ்ந்த அதே ஜனங்களின் மேல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சுமத்தி, ஆண்மக்களைக் கைரேகை பதியச் சொன்னார்கள். இரவில் போலீஸ் கச்சேரியில் படுக்கச் சொன்னார்கள். இதை மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் ஜனங்கள் மீது 1920 ஏப்ரல் 3-ந் தேதி துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்குவதற்கு 1947-ம் வருஷம் வரவேண்டியிருந்தது. ஊரைக் காக்க ஆயுதம் தரித்த குடிகளை, பிறவியிலேயே குற்றவாளிகள் என்று எழுதி வைத்த சர்க்காரின் துணிச்சலை என்னவென்பது!

இன்று காலம் மாறியிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா விளையாட்டுகளில் சிலம்பம் செயல்முறை விளையாட்டாக இடம் பெற்றது. வளரியைப் பழகிக் காட்டுவோரும் அங்கங்கே இருக்கிறார்கள். பிலிப்பைன் கோலைப் பிடித்த கைக்கு நம் வளரியும் ஒரு நாள் வந்து சேரலாம். தேகப் பயிற்சிச் சாலை நடத்துவோர் இதைக் கவனிப்பார்களாக.

சின்ன மருதுவின் மாணாக்கனைப் பற்றி ஒரு செய்தி மிச்சமிருக்கிறது. தூக்குத் தண்டனைக்குத் தப்பிய எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர். அப்பொழுது பதினைந்து வயதுச் சிறுவர். தூத்துக்குடியில் காவல் பொறுப்பு வெல்ஷினிடம் இருந்தது. தம் ஆசிரியரின் மகனுக்கு அவரால் செய்ய முடிந்ததெல்லாம் விலங்கின் பாரத்தைச் சற்றுக் குறைத்ததுதான். பதினாறு வருஷங்கள் சென்றன. 1818-ல் வெல்ஷ் பினாங்குக்குப் போயிருந்தபோது, தளர்ந்து மெலிந்து போன கிழவர் ஒருவர் அவர் முன் வந்து நின்றார். அவர் தம் பெயரைச் சொல்லும் வரையில் வெல்ஷுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. துரைசாமிக்கு அப்பொழுது வயது முப்பதுக்கு மேல் அதிகமிராது.